எல்லை வரைக்கும் 63 யூரோ: டாய்ச்லான்ட் டிக்கெட்டும் ஒரு கணக்கு டீச்சரும்

ஆசிரியர்களுக்கு விடுமுறை அதிகம் என்று சொல்பவர்கள் யாரும் ஓர் ஆசிரியரோடு குடித்தனம் நடத்தியவர்கள் அல்லர். தென்மேற்கு ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹ நகரத்தில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். சனியும் ஞாயிறும் எனக்குச் சொந்தமா இல்லையா என்பது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல்தான் தெரியும். பத்தாம் வகுப்பின் விடைத்தாள் கட்டு மேசைக்கு வந்துவிட்டால் சனிக்கிழமை போயிற்று. பெற்றோர் யாராவது நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் பாதி போயிற்று. இப்படிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு, இரண்டு மாதம் முன்பே தேதி குறித்து வாங்கும் விமான டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலிவில்லை.

அதனால்தான் டாய்ச்லான்ட் டிக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன். மாதம் 63 யூரோ கட்டினால் ஜெர்மனி முழுவதும் ஓடும் வட்டார ரயில், புறநகர் ரயில், டிராம், மெட்ரோ, டவுன் பஸ் எல்லாவற்றிலும் அந்த மாதம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். முன்பதிவு இல்லை, இருக்கை எண் இல்லை, "இந்த வண்டியில் மட்டும்" என்ற கட்டுப்பாடு இல்லை. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க ஜெர்மனிக்குள் மட்டும் செல்லும் டிக்கெட் எதற்கு என்று கேட்பீர்கள். ஜெர்மனிக்கு ஒன்பது அண்டை நாடுகள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சில நிலையங்கள் வரைக்கும் இதே டிக்கெட் செல்லும். வேறு சில இடங்களில் கடைசி ஜெர்மானிய நிலையத்தில் இறங்கிப் பாலத்தை நடந்தே கடந்துவிடலாம். என்னுடைய பயணங்களில் பெரும்பாலானவை இந்த விளிம்புகளுக்குத்தான்.

இதன் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 கோடையில் விலைவாசி ஏறியபோது, ஜூன் முதல் ஆகஸ்டு வரை மாதம் 9 யூரோவுக்கு ஒரு டிக்கெட்டை அரசு விட்டது. நாடே ரயிலில் ஏறியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 2023 மே 1ஆம் தேதி 49 யூரோவுக்கு டாய்ச்லான்ட் டிக்கெட் வந்தது. 2025 ஜனவரியில் 58 ஆயிற்று, 2026 ஜனவரியில் 63 ஆயிற்று. மூன்றே ஆண்டுகளுக்குள் 49இலிருந்து 63. ஏறத்தாழ 29 சதவீத உயர்வு. என் சம்பளம் அப்படி ஏறவில்லை. மத்திய அரசும் மாநில அரசுகளும் ஆண்டுக்குத் தலா 150 கோடி யூரோ போட்டும் பற்றவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது.

வேலை பார்க்கும் இடம் உதவினால் விலை குறையும். முதலாளி கால் பங்கை ஏற்றுக்கொண்டால் மேலும் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அப்போது நம் கையிலிருந்து போவது 44.10 யூரோதான். சேர்ந்த முதல் வாரத்திலேயே பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை.

மலிவு விமானங்களை நான் வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போயிருக்கிறேன். பெயர் சொல்லாத ஒரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறப்போன சமயம், வாயிலில் நின்றவர் என் முதுகுப்பையை பையின் அளவைச் சோதிக்கும் இரும்புக் கூட்டுக்குள் திணிக்கச் சொன்னார். பை நுழைந்தது, ஆனால் அதன் பட்டை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டைக்காக நான் கட்டிய அபராதம் விமான டிக்கெட்டை விட அதிகம். அதற்கு முந்தைய ஈஸ்டர் விடுமுறையில் மதிப்பீட்டுக் கூட்டம் ஒன்று தேதி மாறியதால் ஒரு பயணமே கைவிட்டுப் போனது. பணம் திரும்பி வரவில்லை. டாய்ச்லான்ட் டிக்கெட்டில் போகாமல் விட்டால் நஷ்டமில்லை, பாதி வழியில் திரும்பினாலும் நஷ்டமில்லை. மழை பிடித்துக்கொண்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்நடைமேடைக்குப் போய் நின்று, வீட்டுக்கு வந்து காபி போடலாம். இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் நான் மாதாமாதம் பணம் கட்டுகிறேன். எத்தனை கிலோமீட்டர் போனேன் என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எதில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது என்பதை எழுத்துகளை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்.இ., ஆர்.பி., எஸ் என்று பெயர் தொடங்கும் வண்டிகள் நம்முடையவை. ஐ.சி.இ., ஐ.சி., ஈ.சி. ஆகியவை தொலைதூர வண்டிகள், அவற்றில் செல்லாது. ஃபிளிக்ஸ்டிரெயின், ஃபிளிக்ஸ்பஸ் என்ற தனியார் வண்டிகளிலும் செல்லாது. முதல் வகுப்பு கிடையாது. ரயில்வே செயலியில் வட்டார வண்டிகளை மட்டும் காட்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அழுத்தாமல் தேடினால் ஆசைகாட்டும் அதிவேக வண்டிகள்தாம் முதலில் வந்து நிற்கும். டிக்கெட் நம் பெயரில் இருக்கும், இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பரிசோதகர் கைப்பேசியில் உள்ள டிக்கெட்டின் கட்டக் குறியை (பார்கோடை) படிகருவியால் படித்துவிட்டு அடையாள அட்டையைக் கேட்பார். குறியைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு அதைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். ஆகவே கைப்பேசியின் மின்கலம்தான் உங்கள் டிக்கெட். நான் பிளாஸ்டிக் சிப் அட்டையாக வாங்கிக்கொண்டேன். அது உயிரை விடுவதில்லை.

இனி ஊர்களைப் பற்றி. முதலில் நான் மிகவும் விரும்பும் பாதை: கார்ல்ஸ்ரூஹவிலிருந்து கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) என்ற மலைக்காட்டின் ஊடாகப் போதன் ஏரிக்கரையில் உள்ள கான்ஸ்டன்ஸ் வரை. வண்டி மாறவே வேண்டாம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆஃபன்பர்க் வரை சமவெளி. அதுவரை நான் விடைத்தாள் திருத்துவேன். மாடி ரயிலின் மேல்தளத்தில் மேசையுள்ள நான்கு இருக்கைகளில் ஒன்றைப் பிடித்துவிட்டால் ஒரு வகுப்பின் தாள்களில் பாதி முடிந்துவிடும். ஹவுசாக்குக்குப் பிறகு சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட வேண்டியதுதான். பாதை வளையத் தொடங்கும், டிக் போட்டால் கோணலாக விழும். கோணல் டிக்குக்கு விளக்கம் கேட்டு ஒரு மாணவி வந்த கதையும் உண்டு.

இந்தப் பாதையைப் போட்டவர் ராபர்ட் கெர்விக், கார்ல்ஸ்ரூஹக்காரர். முழுப் பாதையும் 1873இல் திறக்கப்பட்டது. ஹார்ன்பர்க் என்ற ஊருக்கும் மேலே இருக்கும் சாங்ட் கியோர்கன் என்ற ஊருக்கும் பறவை பறந்தால் 11 கிலோமீட்டர். உயர வேறுபாடு 448 மீட்டர். நேராகப் போட்டிருந்தால் சரிவு 4 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். நீராவி இயந்திரம் மூச்சு வாங்கிப் படுத்திருக்கும். கெர்விக் மலையைச் சுற்றிச் சுற்றி இரண்டு பெரிய வளைவுகளாகப் பாதையை இழுத்து, அதை 26 கிலோமீட்டராக நீட்டினார். சராசரிச் சரிவு 1.7 சதவீதமாக இறங்கிவிட்டது. என் ஒன்பதாம் வகுப்புக்குச் சரிவு என்ற பாடத்தை இந்தப் பாதையை வைத்துத்தான் நடத்துகிறேன். ட்ரிபெர்க் அருகில் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தால், சற்று முன்பு கடந்த தண்டவாளம் பள்ளத்தாக்கில் கீழே தெரியும். அதைக் காட்டினால் எதிரில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். "அது வேற ரயில் பாதை" என்று சாதிப்பார்கள். இன்னொரு செய்தி: கெர்விக் இந்த வேலைக்கு வருமுன் ஃபுர்ட்வாங்கன் என்ற மலையூரில் கடிகாரப் பள்ளியின் முதல் தலைமையாசிரியராக இருந்தவர். எங்கள் ஜாதி!

கான்ஸ்டன்ஸ் நிலையத்திலிருந்து துறைமுகம் இரண்டு நிமிட நடை. அங்கே 9 மீட்டர் உயரத்தில் இம்பீரியா என்ற கணிகையின் சிலை மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கிறது, ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். இரண்டு கைகளிலும் இரண்டு குட்டி ஆண்கள், ஒருவன் தலையில் அரசகிரீடம், இன்னொருவன் தலையில் போப்பின் கிரீடம். 1414 முதல் 1418 வரை இவ்வூரில் கத்தோலிக்கத் திருச்சபையின் பெருங்கூட்டம் நடந்தது. யான் ஹுஸ் என்ற போகேமியச் சீர்திருத்தக்காரரை 1415இல் இங்கேதான் தீயிலிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்த பெரிய மனிதர்களைப் பற்றிய கேலிதான் 1993இல் பீட்டர் லெங்க் வைத்த இந்தச் சிலை. சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று பாருங்கள். அவள் முகம் ஏரிப் பக்கம் திரும்பும்போது முதுகு ஊருக்கு வருகிறது. அந்த முதுகில் தெரியும் அலட்சியம் எந்தப் படத்திலும் விழுவதில்லை.

அங்கிருந்து ஏரிக்கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் சுவிட்சர்லாந்து. கிராய்ட்ஸ்லிங்கன் என்ற ஊர் கான்ஸ்டன்ஸோடு ஒட்டிப் பிறந்தது. இடையில் இருந்த கம்பிவேலியை 2006இல் எடுத்துவிட்டு, எல்லைக்கோட்டின் மீது வரிசையாக 22 உலோகச் சிற்பங்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள், குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுகளின் உருவங்கள். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று நின்று படம் எடுக்காத இந்தியரை நான் பார்த்ததில்லை, நான் உட்பட. கிராய்ட்ஸ்லிங்கனில் காபி விலையை ஃபிராங்கில் படித்ததும் நடந்து திரும்பி வந்து கான்ஸ்டன்ஸில் குடித்தேன். சுவிஸ்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள், பெரிய அளவில். சனிக்கிழமை கான்ஸ்டன்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவுக்கு முன்னால் நீங்கள் மாட்டிக்கொண்டால் காரணம் அவர்கள்தாம். ஒவ்வொருவரும் பில்லோடு பச்சை நிற ஏற்றுமதிச் சீட்டு ஒன்றை அச்சடித்து வாங்கி, சுங்கச்சாவடியில் முத்திரை குத்தி, ஜெர்மானிய விற்பனை வரியைப் பின்னால் திரும்பப் பெறுகிறார்கள். பில் 50 யூரோவைத் தாண்டினால்தான் அது கிடைக்கும். 46 யூரோவில் நின்றுவிட்ட ஒரு பாட்டி, வரிசையை நிறுத்திவைத்துவிட்டுச் சாக்லேட் எடுக்க ஓடியதை நானே பார்த்தேன். கணக்கு என்றால் இதுவல்லவா கணக்கு.

அடுத்து விஸம்பூர். இது பிரான்சில், அல்சாஸ் வட்டாரத்தின் வடமுனையில் இருக்கிறது. ஆனாலும் டிக்கெட் அந்த நிலையம் வரை செல்லும், ஏனென்றால் அங்கே போவது ஜெர்மானிய வண்டி. விண்டன் என்ற சின்ன நிலையத்தில் மாறினால் போதும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகும். இந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டும். ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் அடைத்துக் கிடக்கும், தெருவில் காக்காய் கூட இருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் பேக்கரி திறந்திருக்கும், மக்கள் கையில் நீள ரொட்டியோடு போவார்கள். லாவுட்டர் ஆறு ஊருக்குள் வாய்க்கால் போலப் புகுந்து வீடுகளின் பின்சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது. புனித பீட்டர், பவுல் தேவாலயம் அல்சாஸில் ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்துக்கு அடுத்தபடியாகப் பெரிய கோதிக் கட்டடம். உள்ளே எப்போதும் குளிர். பகல் உணவுக்கு மாவைக் காகிதம் போல மெலிதாகத் தேய்த்து, மேலே வெண்ணிறப் பாலேடும் வெங்காயமும் பரப்பி, விறகடுப்பில் சுட்டுத் தருவார்கள். வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டு தூவுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் காளான் போடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் மாவு போடுமுன்பே சொல்லிவிட வேண்டும்.

ஸ்ட்ராஸ்பர்க்குக்கு டிக்கெட் செல்லாது. ரைன் நதிக்கு இந்தக் கரையில் இருக்கும் கேல் வரைதான். அங்கிருந்து டிராம் போகிறது, அதற்குத் தனியாகக் காசு. காசு பெரிதில்லை, ஆனால் 2004இல் கட்டிய நடைபாலம் இருக்கும்போது டிராமில் உட்கார எனக்கு மனம் வருவதில்லை. பாசலும் இப்படித்தான். சுவிஸ் மண்ணிலேயே இருக்கும் பாடிஷர் பான்ஹோஃப் என்ற ஜெர்மானிய நிலையம் வரை டிக்கெட் செல்லும். அதன் பின் நகர டிராமுக்குச் சுவிஸ் விலை. சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள், பாசல் டிராமில் பின் இருக்கையிலிருந்து தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சத்தமாக யாரையாவது விமர்சிக்கவும் வேண்டாம்.

அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த மாதத்தில் அவர் பெயரிலும் ஒரு சந்தா எடுத்தேன். பத்தாம் தேதிக்குள் ரத்து செய்தால் அந்த மாதக் கடைசியோடு சந்தா முடிந்துவிடும். ஆகவே ஒரு மாத விருந்தாளிக்கும் இது ஒத்துவரும், நம் வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் போதும். அடையாளத்துக்கு அவருடைய பாஸ்போர்ட். முதல் வாரம் முழுக்க அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு டிராமிலும் ஏறும்போது, "இதுக்கும் அது போதுமா?" என்று கேட்பார். போதும் என்று தெரிந்த பிறகு என்னை விட்டுவிட்டுத் தனியாகவே டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய் வர ஆரம்பித்துவிட்டார்.

அவரை நான் அழைத்துக்கொண்டு போன இடம் ஷெங்கன். ஆம், விசாவில் அச்சடித்திருக்கும் அதே ஷெங்கன். அது லக்ஸம்பர்க் நாட்டில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு கிராமம். கார்ல்ஸ்ரூஹவிலிருந்து வட்டார வண்டிகளில் நெடுந்தூரம். நோய்ஷ்டாட், சார்ப்ருக்கன் என்று மாறி மாறி ட்ரியருக்குப் போய் அங்கே இரவு தங்கினோம். ரோமானியர்கள் கட்டிய கரிய கோட்டைவாசல் ஒன்று ட்ரியரில் நிற்கிறது. கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊரும் அதுதான். சீனா பரிசளித்த பெரிய மார்க்ஸ் சிலைக்கு முன்னால் அம்மா சற்று நேரம் நின்றார். அவருடைய அண்ணன், என் பெரிய மாமா, அந்தக் கட்சிக்காரர். படம் எடுத்து அவருக்கு அனுப்பச் சொன்னார்.

மறுநாள் காலை ட்ரியரிலிருந்து பெர்லுக்கு ஒரு சின்ன வண்டி. பாதை முழுக்க ஆற்றை ஒட்டியே போகிறது. இந்தப் பக்கம் திராட்சைச் சரிவு, எல்பிளிங் என்ற பழைய ரகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லக்ஸம்பர்க், அங்கேயும் திராட்சைச் சரிவு. இரண்டு நாடுகளுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வழிகாட்டிப் பலகையைத்தான் படிக்க வேண்டும். பெர்ல் ஜெர்மனியின் கடைசி ஊர். நிலையத்திலிருந்து இறங்கி, பாலத்தில் நடந்தால் அக்கரையில் ஷெங்கன். பத்துப் பதினைந்து நிமிட நடை.

பாலம் முடிந்ததும் நம்மை வரவேற்பது ஐரோப்பிய ஒற்றுமை அன்று, வரிசையாகப் பெட்ரோல் பங்குகள். லக்ஸம்பர்க்கில் வரி குறைவு என்பதால் ஜெர்மானிய வண்டி எண்களோடு கார்கள் நிற்கின்றன. பெட்ரோல் நிரப்பிவிட்டுச் சிகரெட்டு அட்டைகளையும் காபிப் பொட்டலங்களையும் டிக்கியில் அடுக்குகிறார்கள். அதைத் தாண்டி ஆற்றோரமாகப் போனால் நினைவிடம். 1985 ஜூன் 14ஆம் தேதி பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் இங்கே மோசல் ஆற்றில் பிரின்சஸ் மாரி அஸ்ட்ரிட் என்ற பயணக் கப்பலில் வைத்து, தங்களுக்கிடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரான்சும் ஜெர்மனியும் லக்ஸம்பர்க்கும் சந்திக்கும் முக்கோணம் இது. அந்தச் சோதனைக்கு நடைமுறையில் முடிவு வந்தது 1995இல்தான். அதே கப்பலை மீட்டுக்கொண்டு வந்து, ஒப்பந்தத்தின் 40ஆம் ஆண்டான 2025இல் இங்கே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

அம்மா கப்பலைப் பார்த்தார், திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தார், தெருவில் உறங்கிய பூனையைப் பார்த்தார். "விசாவில் இந்தப் பெயரைப் பார்த்தபோது டெல்லி மாதிரி ஏதோ பெரிய ஊர் என்று நினைத்தேன். இந்த ஊருக்காகவா என்னிடம் ஆறு மாத பாஸ்புக் கேட்டார்கள்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "உன் அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்" என்று அவரே முடித்துவிட்டார்.

அங்கிருந்து ரெமிக் என்ற ஊருக்குப் பஸ்ஸில் போனோம். லக்ஸம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29ஆம் தேதி முதல் பஸ், டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாமே இலவசம், வெளிநாட்டாருக்கும். அதாவது ஜெர்மானிய எல்லை வரை 63 யூரோ டிக்கெட், அதற்கப்புறம் ஒரு நாடு முழுவதும் சும்மா. இந்த டிக்கெட்டின் மிகப் பெரிய லாபமே இதுதான் என்பேன், ஜெர்மனி அதற்குக் காரணமில்லை என்றாலும். அம்மா மட்டும் பஸ்ஸில் கண்டக்டரைத் தேடிக்கொண்டே இருந்தார். "சீட்டு வாங்காமல் உட்காரக் கூசுகிறது" என்று இருக்கையின் நுனியிலேயே உட்கார்ந்து வந்தார்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, கூட்டம். வெயிலடிக்கும் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மேல் கருங்காட்டு வண்டியில் ஏறுவது, ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. மலையேறும் சங்கங்கள், மிதிவண்டிகள், கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டமாக ஒரே நிறச் சட்டையில் பீர் பெட்டியோடு வரும் பையன்கள். இருக்கைக்கு உத்தரவாதம் கிடையாது, கேட்கவும் முடியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏழு மணி வண்டியைப் பிடியுங்கள்.

இரண்டாவது, தாமதம். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று நம் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். 2024இல் தொலைதூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தை நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு வைத்து. வட்டார வண்டிகள் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வட்டாரப் பயணம் என்றாலே வண்டி மாறும் பயணம். ஏழு நிமிட இடைவெளியில் மாற வேண்டிய வண்டி, முந்தையது எட்டு நிமிடம் தாமதித்தால் போயேபோய்விடும். சாதாரண டிக்கெட் வைத்திருப்பவர் அப்படிப்பட்ட நேரத்தில் அதிவேக வண்டியில் ஏறிக்கொள்ளலாம். டாய்ச்லான்ட் டிக்கெட் சலுகை விலை டிக்கெட் என்பதால் அந்த உரிமை நமக்கு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் இழப்பீடு உண்டு: 1.50 யூரோ. ஆனால் 4 யூரோவுக்குக் குறைவான தொகையைக் கொடுக்க மாட்டார்கள். எனவே பணம் கைக்கு வர மூன்று தாமதங்களைச் சேர்த்துவைக்க வேண்டும். இந்த விதியை எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

கிளைப்பாதை ஒன்றில் கடைசி வண்டியை ஒரு நிறுவனம் அறிவிப்பில்லாமல் நிறுத்திவிட்டது. மாற்றுப் பேருந்து வரும் என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது, பேருந்து வரவில்லை. நான்கு பேர் சேர்ந்து டாக்சி பிடித்தோம். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதி என்ன ஆகப்போகிறது. அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: கிளைப்பாதை ஊர்களிலிருந்து கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியில் திரும்பிவிடுவது. இரவு வானத்தின் அழகை நம் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தூரம். சால்ஸ்பர்க் நிலையம் வரை இந்த டிக்கெட் செல்லும். மியூனிக்கில் இருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம், இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்திரியா. கார்ல்ஸ்ரூஹவிலிருந்து ஷ்டுட்கார்ட், உல்ம், மியூனிக் என்று மாறிப் போனால் பகல் பொழுதே போய்விடும். காசு மிச்சம் என்று அதைச் செய்யாதீர்கள். முன்கூட்டியே தேதி உறுதியாகத் தெரிந்த நீண்ட விடுமுறைக்கு, முன்பதிவில் மலிவாகக் கிடைக்கும் அதிவேக டிக்கெட்டே சரி. ப்ராக், ரோம், பாரிஸ் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். டாய்ச்லான்ட் டிக்கெட் கொடுப்பது உங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேர வட்டத்துக்குள் இருக்கும் ஐரோப்பா. நீங்கள் வசிப்பது நாட்டின் நடுவே என்றால் அந்த வட்டத்துக்குள் வேறு நாடே இருக்காது. ஆகவே வேலைக்கு இரண்டு ஊர்களிலிருந்து அழைப்பு வந்தால் வரைபடத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

குடும்பஸ்தர்களுக்கு இது அவ்வளவாக ஒத்துவராது. குடும்ப விலை என்று ஒன்று இல்லை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் தேவையில்லை, அதற்கு மேல் ஆளுக்கு ஒன்று. எங்கள் மாநிலத்தில் இளையோருக்குத் தனியாக மலிவுச் சந்தா இருக்கிறது, அதை விசாரியுங்கள். மாதத்துக்கு ஒரு தடவைதான் கிளம்புவீர்கள் என்றால் ஐந்து பேர் வரை சேர்ந்து போகக்கூடிய மாநில நாள் டிக்கெட் போதும். அதில் வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் ஏறலாம், சனி ஞாயிறில் அந்தத் தடை இல்லை.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மானியக் குடியிருப்பு அனுமதி அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம், தனி விசா வேண்டாம். ஆனால் அட்டை மட்டும் போதாது, பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வருகிற பயணம்தானே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. திரும்பும் வண்டியில் சீருடைக்காரர்கள் ஏறுவார்கள். என் அனுபவத்தில், கேள்வி கேட்பது நிமிட வேலை, பையின் அடியிலிருந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுப்பதுதான் நேரம் பிடிக்கும். மேல்பையில் வையுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் சந்தாவை ஓடவிட்டுவிட்டுப் போகிறார்கள், 63 யூரோ வீண். எங்கள் மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்குகிறது. ஜூலை 10க்குள் ரத்து செய்யுங்கள், மாத முடிவு வரை டிக்கெட் செல்லும், ஆகஸ்டு மிச்சம். பள்ளி திறக்கும் செப்டம்பருக்குப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். முதலாளி வழியாக வாங்கியிருந்தால் அலுவலகத்தில் சொல்லித்தான் நிறுத்த முடியும். அவர்களும் ஜூலையில் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், ஜூன் கடைசியிலேயே சொல்லிவிடுங்கள்.